பாதியில் நின்ற வேலைக்கு யார் கணக்குச் சொல்வது?

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்திக்கொண்டிருக்கும்போது வானம் இருட்டி இடி இடித்தால், வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் ஷெட்டை விட்டு வெளியேற வேண்டும். விதி அது. ஆனால் கலந்து வைத்த மருந்து பாதி உள்ளேயே கிடக்கிறதே? அலுமினியத் தூளும் வெடியுப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் தானே சூடேறும். எவ்வளவு கலந்தார்கள், எவ்வளவு செலுத்தியாயிற்று, மிச்சம் எங்கே... இதெல்லாம் போர்மேனுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். மறுநாள் காலையில் வருகிற ஆளிடம் "நேத்து ஏதோ பாதியில நின்னுபோச்சு, நீயே பார்த்துக்கோ" என்று சொல்பவரை விருதுநகர் மாவட்டத்தில் யாரும் போர்மேன் என்று சொல்ல மாட்டார்கள்.

யூனிக்ஸ் கெர்னல் எழுபதுகளிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கு 'எளிமை' என்று ஒரு பட்டம் வேறு!

கம்ப்யூட்டர் பக்கமே போகாத காமர்ஸ் மக்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எந்த நிரலும் டிஸ்க்கையோ நெட்வொர்க்கையோ நேரடியாகத் தொட முடியாது. கெர்னலிடம் விண்ணப்பம் போட வேண்டும். அந்த விண்ணப்பம்தான் சிஸ்டம் கால். "தகவல் வந்தால் கொடு" என்று கேட்டுவிட்டு நிரல் தூங்கப் போகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு சிக்னல் வருகிறது. டைமர் அடித்திருக்கலாம், யாராவது கன்ட்ரோல்-சி தட்டியிருக்கலாம். கெர்னல் நிரலை எழுப்பி, சிக்னலைக் கவனிக்க வைத்து, கடைசியில் 'இன்டரப்டட் சிஸ்டம் கால்' என்ற பிழையைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. லினக்ஸில் அதன் எண் 4, செல்லப்பெயர் ஈஇன்டர். வேலை தோற்கவும் இல்லை, முடியவும் இல்லை.

இந்தச் சண்டை பழையது. ரிச்சர்ட் கேப்ரியல் 1991-இல் வெளியான தன் கட்டுரையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். எம்ஐடியின் ஐடிஎஸ் இயங்குதளத்தில் பழகிய ஒருவர், யூனிக்ஸ் இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறது என்று மூல நிரலில் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் யூனிக்ஸ்காரரிடம் கேட்கிறார். "தீர்ப்பதில்லை, பிழை எண் கொடுப்போம், நிரல் எழுதுபவர் பார்த்துக்கொள்வார்" என்பதே பதிலின் சாரம். ஐடிஎஸ்ஸோ, நடந்த வரைக்கும் கணக்கில் எழுதிவிட்டு, நிரலை அந்த அழைப்பின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தும். கெர்னலுக்கு வேலை அதிகம், நிரலுக்குத் தலைவலி இல்லை. யூனிக்ஸில் கெர்னல் எளிமையாகிவிட்டது. சிக்கல் மட்டும் எங்கும் போகவில்லை. ஓர் இடத்தில் இருந்த செலவை ஆயிரம் நிரல்களின் தலையில் பிரித்துக் கட்டிவிட்டு லாபம் காட்டுவதற்குக் கணக்குப் பதிவியலில் நல்ல பெயர் கிடையாது.

"ஈஇன்டர் வந்தால் ஒரு சுழலில் போட்டுத் திரும்பக் கூப்பிடு, முடிந்தது வேலை" என்று ஒரு வைத்தியம் எல்லாரும் சொல்வார்கள். முடியாது சார். ஒரு மொத்தக் கடையின் பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 7-ஆம் எண் கோப்பை மூடச் சொல்லி 'குளோஸ்' அழைக்கிறது, ஈஇன்டர் வருகிறது. லினக்ஸில் அதற்குள் அந்த எண் விடுபட்டிருக்கும். அதே நொடியில் இன்னொரு த்ரெட் சரக்குக் கணக்கைத் திறக்கிறது, அதற்கு அதே 7 கிடைக்கிறது. இப்போது சுழல் திரும்ப வந்து 7-ஐ மூடுகிறது. சரக்குக் கணக்கு போச்சு! ஹெச்பி-யூஎக்ஸில் கதை நேர் எதிர்: அங்கே திரும்ப மூடாவிட்டால் கோப்பு திறந்தே கிடக்கும். 2008-ஆம் வருட பாசிக்ஸ் தரமோ, கோப்பின் நிலை 'வரையறுக்கப்படவில்லை' என்று கையை விரித்தது.

கெர்னலுக்குக் கணக்கு வைக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 'ரீட்' பாதி பைட்டுகளை வாங்கிய பிறகு சிக்னல் வந்தால், பிழை சொல்லாமல் இத்தனை பைட் வந்தது என்று எண்ணிக் கொடுக்கிறது. 'நானோஸ்லீப்' தடைபட்டால் மிச்சத் தூக்கம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. மனமிருக்கிற இடத்தில் மார்க்கமும் இருக்கிறது.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏடிஎம்மில் கணக்கிலிருந்து பணம் கழிந்து நோட்டு வராவிட்டால், 5 நாட்களுக்குள் வங்கியே திருப்பி வரவு வைக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திராமல். பேரேடு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பாதியில் நின்ற பதிவை நேர் செய்ய வேண்டும் என்பது இதன் பொருள். "மெஷின் எளிமையாக இருக்க வேண்டும், கார்டைத் திரும்பச் செருகிப் பாருங்கள்" என்று எந்த வங்கியாவது சொன்னால் சும்மா விடுவோமா?

எல்லா அழைப்பையும் கெர்னலே தானாகத் திரும்பத் தொடங்கட்டும் என்பதும் சரிவராது. 1983-இல் 4.2 பிஎஸ்டி அப்படித்தான் செய்தது. பத்து நொடியில் பதில் வராவிட்டால் விட்டுவிடலாம் என்று டைமர் வைத்தவர்களுக்கு அது இடைஞ்சல், அதனால் 4.3-இல் விருப்பத்துக்கு விட்டார்கள். சிக்னலையே காதில் வாங்காமல் தூங்குவது இன்னும் மோசம்: நெட்வொர்க் டிஸ்க் தொங்கிவிட்டால் அந்த ப்ராசஸைக் கொல்லக்கூட முடியாது. கொல்லும் சிக்னலுக்கு மட்டும் எழும் தூக்கம் லினக்ஸுக்கு 2008-இல்தான் வந்தது.

ஆக, பொறுப்பு கெர்னலுக்குள் டிரைவர் எழுதுகிறவரிடம் தொடங்குகிறது. அவர் கையில் 'ரீஸ்டார்ட்சிஸ்' என்று ஓர் உள் எண் இருக்கிறது, 512. "இந்த அழைப்பை முதலிலிருந்து மறுபடி நடத்தலாம்" என்று அதற்கு அர்த்தம். எதையும் தொடாமல் காத்திருந்தபோது சிக்னல் வந்தால் இதைத் தாராளமாகக் கொடுக்கலாம். கருவிக்குப் பாதி எழுதிவிட்ட பிறகு கொடுத்தால் அதே பாதி இரண்டு முறை போகும். செய்ததை அழிக்க முடிந்தால் அழித்துவிட்டு 512 கொடுக்க வேண்டும்; முடியாவிட்டால் செய்த அளவைச் சொல்ல வேண்டும்; இரண்டும் முடியாத இடத்தில் முடியும்வரை சிக்னலுக்கு எழுந்திருக்கக் கூடாது. இதைப் பார்க்காமல் 512-ஐ அள்ளி வீசும் டிரைவர், பாதி மருந்தை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போன போர்மேன்தான்.

இதற்கிடையில் கெர்னல் விட்டதை மேலே இருப்பவர்கள் கூட்டி அள்ளுகிறார்கள். பைத்தான் 2015-இல் 3.5 பதிப்பில் பெரும்பாலான அழைப்புகளுக்குத் தானே மறுமுயற்சி செய்யத் தொடங்கியது. 2020-இல் கோ மொழியின் 1.14 பதிப்பு தன் உள்வேலைக்கே சிக்னல்களைப் பயன்படுத்த, ஈஇன்டர் முன்பைவிட அதிகமாக வரும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதி வைத்தார்கள்.