மேயர் யார் என்று வாக்குச்சீட்டு சொல்லட்டும்

திருநெல்வேலி மாநகராட்சியில் 55 வார்டுகள். 2022 பிப்ரவரி தேர்தலில் திமுக கூட்டணி 51 வார்டுகளை அள்ளியது. அதிமுகவுக்கு மிஞ்சியது நான்கு. எதிர்க்கட்சி என்று பெயருக்குத்தான் இருந்தது. ஆனாலும் மேயர் பி.எம். சரவணனால் நிம்மதியாக நாற்காலியில் உட்கார முடியவில்லை. அவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தவர்கள் அவரது சொந்தக் கட்சியான திமுகவின் கவுன்சிலர்கள். 2024 ஜனவரியில் வாக்கெடுப்பு நாளன்று ஒருவர்கூட மன்றத்துக்கு வரவில்லை, தீர்மானம் விழுந்தது. பூசல் மட்டும் விழவில்லை. ஜூலையில் மேயர் ராஜினாமா செய்தார்.

ஆகஸ்டில் கட்சித் தலைமை ராமகிருஷ்ணனை வேட்பாளராக அறிவித்தது. அதே கட்சியின் பவுல்ராஜ் அவரை எதிர்த்து நின்றார். முடிவு 30க்கு 23. அதிமுகவின் நான்கு ஓட்டும் பவுல்ராஜுக்கே போனதாக வைத்துக்கொண்டாலும், ஆளும் கூட்டணியில் 19 பேர் தலைமையின் சொல்லைத் தட்டியிருக்கிறார்கள். ரகசிய வாக்கெடுப்பு அல்லவா, யார் யாரென்று கேட்கவும் முடியாது!

இதில் நெல்லை வாக்காளருக்கு எந்த வேலையும் இல்லை. அவர் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டதோடு சரி.

எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்றில்லை. 1996இல் சென்னை மக்கள் நேரடியாக வாக்களித்து மு.க. ஸ்டாலினை மேயராக்கினார்கள், 2001இலும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் திமுக ஆட்சி, கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலுக்கு மாறியது. 2011இல் நேரடித் தேர்தல் திரும்பி வந்து, சைதை துரைசாமி வென்றார். 2019 நவம்பரில் அதிமுக அரசு அவசரச் சட்டம் போட்டு மறுபடியும் கவுன்சிலர்கள் கையில் கொடுத்தது. அன்று திமுக கடுமையாக எதிர்த்தது. 2021இல் ஆட்சிக்கு வந்தபின் அதே முறையில் தேர்தலை நடத்தி, கூட்டணியோடு 21 மாநகராட்சிகளையும் கைப்பற்றியது. முறை பிடிக்கவில்லை, பலன் பிடித்துவிட்டது போலும்.

மறைமுகத் தேர்தலுக்குச் சொல்லப்படும் நியாயம் இதுதான்: மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால் வேலை நடக்காது. ஒரே கூட்டணி மொத்தமாக ஆண்ட நெல்லையில் என்ன வாழ்ந்தது? கூட்டணிக்குள்ளும் கதை இதேதான். 2022 மார்ச்சில் தோழமைக் கட்சிகளுக்கு ஒதுக்கிய நகராட்சி, பேரூராட்சித் தலைவர் பதவிகளில் பல இடங்களில் திமுகவினரே போட்டி வேட்பாளராக நின்று ஜெயித்தார்கள். அவர்களைப் பதவி விலகும்படி முதல்வரே அறிக்கை விட வேண்டியிருந்தது.

நேரடித் தேர்தல் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கோப்பும் நிர்வாகமும் ஐஏஎஸ் ஆணையர் கையில் இருக்கிறவரை மேயரின் அங்கி அலங்காரம்தான். ஆனாலும் நகரமே ஓட்டுப் போட்ட மேயர், ஆணையரிடம் கேள்வி கேட்கும்போது குரலில் கனம் இருக்கும். கவுன்சிலர்களின் தயவில் நிற்கிறவருக்கு அது வராது. அடுத்த மாநகராட்சித் தேர்தல் தேதி அறிவிக்கப்படும் முன்பே சட்டப்பேரவை நேரடித் தேர்தலுக்கான சட்டத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும்; அறிவித்தபின் எல்லாக் கட்சிக்கும் வார்டு பங்கீடுதான் கண்ணில் படும்.