ராஜுலாவுக்கு ஓர் இடம்

கப்பல் என்றால் கடற்கரை ஊரார்க்கு மட்டுமே உரிய பேச்சு என்று பலர் எண்ணுகின்றனர். காரைக்குடியில் கடல் இல்லை என்பது உண்மையே. ஆனால் நம் செட்டிநாட்டு வீடுகளைத் தாங்கி நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை அல்லவா? பெட்டியடிப் பையன்களாகவும் அடுத்தாட்களாகவும் நம் ஊரார் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றதும் கப்பலில்தானே? ஆகவே, கப்பலைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டு.

அக்கப்பல்களுள் புகழ் பெற்றது 'எஸ். எஸ். ராஜுலா'. 1926-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்ற இது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கிடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்று வந்தது. தொடக்கத்தில் மேல்தளப் பயணிகள் மட்டும் ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் செல்ல இதில் இடமிருந்தது. வட்டிக்கடைக்குச் சென்றவர்களையும் ரப்பர்த் தோட்டத்திற்குச் சென்ற ஏழைத் தொழிலாளரையும் ஒரே கப்பல் சுமந்தது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களையும் ஏற்றிச் சென்றது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு 'ரங்கத்' என்று பெயர் மாறியது. மறு ஆண்டே பம்பாயில் உடைக்கப்பட்டது. இத்தனை ஆண்டு உழைத்த கப்பலுக்கு ஓய்வெடுக்க ஒரு துறை கிடைக்கவில்லை!

பிற நாட்டினர் என்ன செய்தனர்? 1930-இல் கட்டப்பட்ட 'ஹிகாவா மாரு' என்னும் கப்பலை ஜப்பானியர் 1961 முதல் யோகோஹாமா துறைமுகத்தில் காத்து வருகின்றனர். இங்கிலாந்தின் 'குவீன் மேரி' 1967-இல் அமெரிக்காவின் லாங் பீச் நகரை அடைந்து அங்கேயே நிலைத்துவிட்டது.

"இது செல்வ நாடுகளுக்கு ஆகும், நமக்கு ஆகுமா?" என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. உப்புக் காற்று இரும்பை அரிக்கும்; பழுது பார்க்கவும் வர்ணம் பூசவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். நம் கடற்படையின் 'விக்ராந்த்' 1997-இல் ஓய்வு பெற்றபின் மும்பையில் அருங்காட்சியகமாக விளங்கியும், 2014-இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. செல்வ நாடான அமெரிக்காவிலேயே 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்னும் பெருங்கப்பல், நிலையான இடம் கிடைக்காமல், கடலில் மூழ்கடித்து மீன்களுக்கு உறைவிடமாக்குவதற்கென 2025 பிப்ரவரியில் பிலடெல்பியாவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டது. அன்பு மட்டும் ஒரு கப்பலைக் காப்பாற்றாது. நிற்க இடமும் பேண ஆளும் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்பதே இவை தரும் பாடம்.

முழுக் கப்பலைக் காக்க இயலாவிட்டாலும் அதன் நினைவைக் காக்க இயலுமே! ராஜுலா போய்விட்டது. ஆனால் அதில் சென்றவர்களின் தகரப் பெட்டிகளும், பயணச் சீட்டுகளும், பழைய கடவுச் சீட்டுகளும், கடிதங்களும் நம் வீட்டு அறைகளில் இன்னும் கிடக்கின்றன. வீடுகள் இடிபடும்போது தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. காகிதமோ எடைக்குப் போகிறது. ராஜுலாவில் பயணம் செய்தவர்களுள் இன்று நம்மிடையே இருப்போர் முதியவர்கள். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிவைக்க இன்னும் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்?

கம்பனுக்கும் கண்ணதாசனுக்கும் மணிமண்டபம் கண்ட ஊர் காரைக்குடி. கடல் கடந்தவர்களின் நினைவுக்கு இவ்வூரில் ஓர் அறை ஒதுக்குவது அரிதன்று. அவ்வறையில் முதலாளியின் பேரேட்டுக்குப் பக்கத்திலேயே தொழிலாளியின் தகரப் பெட்டியும் இடம் பெற வேண்டும்.

தோழியரே! பெரியவர்கள் தொடங்கட்டும் என்று காத்திராமல், இவ்விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் ஒரு பாட்டியிடமோ ஐயாவிடமோ கப்பல் கதையைக் கேட்டு, பெயரும் ஆண்டும் குறித்து எழுதுவோம். இரும்புக் கப்பலுக்குத் துறை தேட நம்மால் இயலவில்லை. அது சுமந்த மனிதர்களின் கதைக்காவது இடம் தேடுவோமாக!