வேகமாகப் போன குற்றம்

ஒரு பெண் சைக்கிளில் வேகமாகப் போனாள். அதற்காக அவளை நடுரோட்டில் நிறுத்தி வைத்தார்கள்.

இதை நான் கட்டிய கதை என்று நினைக்க வேண்டாம். கதை கட்டுவது என் தொழில்தான். ஆனால் இப்படி ஒரு சம்பவத்தை நாவலில் எழுதியிருந்தால், 'ஆசிரியர் மிகைப்படுத்துகிறார்' என்று விமரிசகர்கள் ஒரு பிடி பிடித்திருப்பார்கள். நிஜத்துக்கு அந்தப் பயம் இல்லை.

நடந்தது பெல்ஜியத்தில், 2019 மார்ச் 2-ந் தேதி. அந்தத் தேசத்தில் வசந்தம் பிறப்பது மரத்தில் துளிர் விடுவதால் அல்ல, சைக்கிள் பந்தயத்தால். குளிர் இன்னும் எலும்பைத் துளைத்துக்கொண்டிருக்கும்போதே, கென்ட் நகரத்திலிருந்து 'ஓம்லூப் ஹெட் நியூஸ்பிளாட்' என்ற பந்தயம் கிளம்பிவிடும். கருங்கல் பாவிய பழைய சாலைகள், செங்குத்தான சிறு மேடுகள், முகத்தில் அறையும் காற்று, எந்த நேரமும் வரலாம் என்று பயமுறுத்தும் மழை - இவைதான் அங்கே மைதானம். 1945 முதல் ஆண்கள் ஓட்டுகிறார்கள். பெண்களுக்கு 2006-ல்தான் கதவு திறந்தது.

அன்று ஆண்களை முதலில் அனுப்பினார்கள். பத்து நிமிஷம் கழித்துப் பெண்களை அனுப்பினார்கள். நிகோல் ஹான்ஸல்மான் என்ற ஸ்விட்சர்லாந்துப் பெண், ஆரம்பித்துப் பத்துக் கிலோமீட்டர் கூடப் போவதற்குள், கூட்டத்தைப் பின்னே விட்டுவிட்டுத் தனியே பறந்தாள். இரண்டு நிமிஷ அளவுக்கு முந்தியும் விட்டாள். சுமார் 30 கிலோமீட்டர் போனதும் முன்னே பார்த்தால் வரிசையாகக் கார்கள்! ஆண்கள் பந்தயத்துக்குப் பின்னால் போகும் பரிவாரம் அது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் ஆண்களின் முதுகே தெரிந்திருக்கும். உடனே நிர்வாகிகள் பெண்கள் பந்தயத்தை நிறுத்தினார்கள். ஐந்தாறு நிமிஷம் அவள் நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஆண்கள் ஒரு கௌரவமான தூரத்துக்குப் போன பிறகு, 'இப்போது போகலாம்' என்றார்கள்.

அவள் ஆண்களைவிடப் பலசாலி என்று நான் வாதிக்க வரவில்லை. ஆண்கள் அன்று ஆரம்பத்தில் சாவகாசமாகப் போனார்கள் என்பதும் உண்மை. இரண்டு பந்தயங்கள் ஒரே சாலையில் கலந்தால் விபத்து நேரும் என்பதும் உண்மை. என் கேள்வி வேறு. முன்னே போனவர்கள் தாமதித்தார்கள் என்றால், பின்னே வந்தவள் ஏன் நிற்க வேண்டும்? அந்தப் பத்து நிமிஷக் கணக்கைப் போட்டவருடைய மனத்தில் ஒரு தீர்மானம் இருந்திருக்கிறது பாருங்கள்: 'இவர்கள் எங்கே எட்டிப் பிடிக்கப் போகிறார்கள்?' கணக்குத் தப்பாகிவிட்டது. தப்பான கணக்குக்குத் தண்டனை, கணக்குப் போட்டவருக்கல்ல, வேகமாகப் போனவளுக்கு.

முந்தியிருந்த இரண்டு நிமிஷத்தைத் திருப்பிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் சூடேறிய கால்களைக் குளிரில் நிறுத்தி ஆற வைத்தார்களே, அதை யார் திருப்பிக் கொடுப்பது? சீக்கிரமே கூட்டம் அவளைப் பிடித்துவிட்டது. கடைசியில் அவளுக்குக் கிடைத்தது 74-வது இடம்.

இந்த விஷயத்தை என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். உலக விவகாரங்கள் யாவும் அத்துப்படி அவருக்கு. "பெண்கள் பந்தயத்தை யார் ஸார் பார்க்கிறார்கள்? முதலில் கூட்டம் வரட்டும்; பிறகு பணமும் மரியாதையும் தானாக வரும்" என்றார். அவர் ஒருவருடைய அபிப்பிராயமாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஐரோப்பாவில் பந்தயம் நடத்துகிறவர்களும் இத்தனை காலமாக இதே பல்லவியைத்தான் பாடி வந்திருக்கிறார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். தொலைக்காட்சியில் காட்டினால்தானே ஜனங்கள் பார்ப்பார்கள்? பெண்களின் உச்சப் படிப் பந்தயங்களை நேரடியாகக் குறைந்தது 45 நிமிஷமாவது காட்ட வேண்டும் என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2020-ல் ஒரு விதி செய்ய வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் பந்தயத்தில் 45 நிமிஷம்! அந்தக் கடைசி முக்கால் மணியில், ஆரம்பத்திலேயே பாய்ந்த ஹான்ஸல்மானைப் போன்றவள் இருந்த சுவடே தெரியாது.

நான் எழுதத் தொடங்கிய காலத்தில் ஒரு பத்திரிகாசிரியர் என் கதையைக் கடைசிப் பக்கத்தில், தைல விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் போட்டார். மறுமாதம் போனபோது, "உம்முடைய கதையைப் பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லையே" என்று கவலையோடு தலையை ஆட்டினார். நிஜமான கவலைதான்! இந்தப் பந்தய நிர்வாகிகளின் கவலையும் அந்த ஜாதிதான்.

சரி, பணத்துக்கு வருவோம். 2021-ல் இதே ஓம்லூப் பந்தயத்தில் ஜெயித்தவர் அன்னா வான் டெர் பிரெக்கன். சாதாரண ஆள் அல்ல. 2016-ல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், அன்றைய உலக சாம்பியன். அவருக்குக் கொடுத்த பரிசு 930 யூரோ. அதே நாள் ஆண்கள் பந்தயத்தில் ஜெயித்தவருக்கு 16,000 யூரோ. பெண்கள் ஓட்டிய தூரம் குறைவு என்பார்கள். குறைவுதான், ஆனால் ஆண்களின் தூரத்தில் பாதிக்கு மேல். பரிசு பாதி இல்லை, கால் இல்லை, பதினேழில் ஒரு பங்கு. மேலும், தூரத்தைக் குறைத்து வைத்தது அந்தப் பெண்களா? ஒரு நாள் பந்தயத்தில் அவர்கள் இத்தனை கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று எல்லை கட்டியதும் அந்தச் சங்கம்தானே? காலைக் கட்டிவிட்டு, 'நீ குறைவாக நடந்தாய், கூலியும் குறைவு' என்பது எந்த ஊர் நியாயம்?

இந்தத் தொகை வெளியே தெரிந்ததும் என்ன நடந்தது தெரியுமா? ரசிகர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு, அடுத்த வாரம் இத்தாலியில் நடந்த பெண்கள் பந்தயத்துக்குப் பரிசுப் பணம் திரட்டினார்கள். யாருமே பார்க்காத பந்தயத்துக்குக் காசு போட்டவர்கள் யார்? என் நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. காப்பி ஆறுகிறது என்றார்.

அதே வருஷம் அக்டோபர் 2-ந் தேதி நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. பாரிஸ்-ரூபே என்பது இந்தப் பந்தயங்களுக்கெல்லாம் பாட்டன், 1896-ல் பிறந்தது. ஏப்ரலில் நடக்க வேண்டியது, தொற்று நோயால் அந்த வருஷம் அக்டோபருக்குத் தள்ளிப் போயிற்று. பெண்களுக்கென்று அது முதன் முதலாக நடந்தது அன்றுதான். 125 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது! ஈரத்தில் வழுக்கும் அந்தக் கற்களின் மேல், முதல் கருங்கல் துண்டத்திலேயே பாய்ந்து, மீதிச் சுமார் 80 கிலோமீட்டரையும் தன்னந்தனியே ஓட்டி ஜெயித்தார் லிஸ்ஸி டெய்க்னன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. மூன்று வயதுக் குழந்தைக்குத் தாய். கையுறை போடாமல் ஓட்டியதால் உள்ளங்கை கிழிந்து, கைப்பிடியெல்லாம் ரத்தம். பத்திரிகைகள் அந்த ரத்தத்தைப் படம் பிடித்துப் போட்டுப் புகழ்ந்தன. வீராங்கனை என்றன, சரித்திரம் என்றன. பரிசுத் தொகையோ 1,535 யூரோ. ஆண்களில் ஜெயித்தவருக்கு 30,000. வித்தியாசத்தைப் பந்தயம் நடத்தியவர் கொடுக்கவில்லை. அவரை வேலைக்கு வைத்திருந்த அணி கொடுத்தது.

இந்தப் புகழ்ச்சியின் மேல்தான் எனக்கு ஆத்திரம். நம் வீடுகளில் விடியற்காலை முதல் அடுப்படியில் வேகும் பெண்ணை 'தெய்வம்' என்று சொல்லிவிட்டு, நாலாம் வேளைக் காப்பியையும் அவளிடமே கேட்கிறோமல்லவா, அதே தந்திரம். ரத்தத்துக்குப் பாராட்டு, வேலைக்குப் பாதிக் கூலிகூட இல்லை.

டெய்க்னனாவது பேர் பெற்றவர். இருபது வயதுப் பெண்களின் பாட்டைச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது வரை இளையோர் பிரிவில் ஓட்டுகிறார்கள். பத்தொன்பது பிறந்தால், பதினைந்து வருஷ அனுபவம் பெற்றவர்களோடு நேரே மோத வேண்டும். பையன்களுக்கு நடுவில் ஒரு படி உண்டு. 23 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று தனி உலகப் போட்டி 1996-லேயே ஏற்பட்டுவிட்டது. பெண்களுக்கு 2022-ல் பட்டம் மட்டும் கொடுத்தார்கள். பந்தயத்தைப் பெரியவர்களோடு சேர்த்தே நடத்தினார்கள். தனிப் பந்தயம் 2025-ல், ருவாண்டாவின் கிகாலியில்தான் முதலில் நடந்தது. மரியான் வோஸ் 19 வயதிலேயே உலகப் பட்டம் வாங்கவில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கினார், 2006-ல். மறு வருஷ வசந்தத்தில் 'ஃபிளெஷ் வாலோன்' பந்தயத்தையும் ஜெயித்தார். ஆற்றை நீந்திக் கடந்த ஒருத்தியைக் காட்டி, பாலம் எதற்கு என்று கேட்கலாமா?

குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று இந்தப் பெண்களுக்கு 2020-ல்தான் வந்தது, வருஷத்துக்கு 15,000 யூரோ. அதுவும் உச்சப் படியில் இருந்த எட்டு அணிகளுக்கு மட்டும். பிறகு கூட்டினார்கள், வாஸ்தவம். 2025-ல் இரண்டாம் படியையும் உண்டாக்கினார்கள். அதற்குக் கீழே உள்ள அணிகளைச் சர்வதேசச் சங்கத்தின் விதி இன்னும் தொடவில்லை. அங்கே இருக்கும் பெண் கருங்கல்லில் விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டால், வாடகையை யார் கொடுப்பது என்பது அவள் பாடு.

இதையெல்லாம் மாற்ற முடியாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. பிளாண்டர்ஸ் பந்தயத்தை நடத்துகிறவர்கள் 2022-ல் அதன் பரிசுத் தொகையை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக்கினார்கள். அடுத்த வருஷம் தாங்கள் நடத்தும் மற்ற வசந்தப் பந்தயங்களுக்கும், ஓம்லூப் உட்பட, அதையே செய்தார்கள். பெல்ஜியம் ஒன்றும் திவாலாகிவிடவில்லை. அப்படியானால் முந்தைய வருஷங்களில் முடியாமலிருந்தது பணத்தால் அல்ல.

என் நண்பர் காப்பியை முடித்துவிட்டு, "அது சரி, அந்த 2019 பந்தயத்தில் ஆண்களில் யார் ஜெயித்தது?" என்று கேட்டார். எனக்கு ஞாபகமில்லை. பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஷ்டீபார் என்று ஒரு செக் தேசத்துக்காரர்.