பார்க்காமலேயே திமிங்கலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெரும்பாறை மலைப்பாதையில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வரும் பஸ் தெரியாது. ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் வளைவில் ஒதுங்க வேண்டும். கடலுக்கு அடியில் எப்போதுமே இந்த நிலைமைதான். 200 மீட்டர் ஆழம் தாண்டினாலே வெளிச்சம் மங்கிவிடும். ஆனால், ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் பாயும். காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் அதிகம்!

லட்சத்தீவின் கவரத்தி அருகே 2018 இறுதியில் நீருக்கடியில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்தார்கள் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அதில் சிக்கியது நீலத் திமிங்கலத்தின் 'பாட்டு'. இலங்கைப் பக்கம் ஏற்கெனவே அறியப்பட்ட அதே பாட்டு. 2021-ல் ஆய்வு வெளியானது. அதே ஆண்டு இன்னொரு சுவாரஸ்யம்: அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க டியேகோ கார்சியா அருகே வைத்த கருவிகளின் பதிவுகளில், அதுவரை அறியாத ஒரு நீலத் திமிங்கலக் கூட்டத்தின் பாட்டு இருப்பது தெரியவந்தது.

சரி, இடத்தை எப்படிச் சொல்வது? ஒரே ஒரு சாதாரண கருவி இருந்தால் 'பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது' என்பதோடு சரி. தள்ளித் தள்ளி மூன்று, நான்கு கருவிகள் வேண்டும். ஒரே குரல் முதல் கருவிக்கு வந்து 10 விநாடி கழித்து இரண்டாவதை எட்டினால், இரண்டாவது கருவி திமிங்கலத்திடமிருந்து 15 கி.மீ. கூடுதல் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இப்படி ஒவ்வொரு ஜோடியின் நேர வித்தியாசத்தையும் வைத்து இடத்தைக் கணக்கிடுவார்கள். கருவிகளின் கடிகாரம் ஒரு விநாடி பிசகினாலே கணக்கில் ஒன்றரை கி.மீ. உதைக்கும்.

இது வெறும் ஆராய்ச்சி ஆர்வம் அல்ல. இலங்கையின் தெற்கு முனையை ஒட்டி உலகின் பரபரப்பான கப்பல் வழித்தடம் ஒன்று போகிறது. நீலத் திமிங்கலங்கள் இரை தேடுவதும் அங்கேதான். கப்பல் மோதிச் சாகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகப் பாதையில் 2008 முதலே மிதவைகள் திமிங்கலக் குரலைக் கேட்டு, வேகத்தைக் குறைக்கக் கப்பல்களை உஷார்படுத்தின. இங்கேயும் செய்யலாமே?

செய்யலாம். ஆனால், பெரிய கப்பலின் இரைச்சலும் நீலத் திமிங்கலத்தின் குரலும் ஏறக்குறைய ஒரே தாழ்ந்த அலைவரிசையில் இருக்கின்றன. நெரிசலான இடத்தில் பாட்டு அமுங்கிப்போகும். அதோடு, பாடுவது ஆண்கள் மட்டுமே என்று கருதப்படுகிறது. குட்டியோடு அமைதியாகப் போகும் தாய் கருவியில் சிக்காமலே போகலாம். அதனால், காதை மட்டும் நம்பாமல் பாதையையே தள்ளிப்போடுவதுதான் புத்திசாலித்தனம். எம்எஸ்சி கப்பல் நிறுவனம் 2022-ல் தானாக முன்வந்து, தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது.