பத்துப் பேரை விரட்டாதே, வேலையைப் பங்கிடு!



"ஆர்டர் இல்லை, நாளையிலிருந்து பத்துப் பேர் வர வேண்டாம்." இந்தச் சொல்லைக் கேட்காத தமிழ்க் குடும்பம் தாராவியில் உண்டா? அந்தப் பத்துப் பேர் யார்? பதலி, காண்டிராக்ட், கடைசியாக வந்து சேர்ந்தவன். பிழைக்க வந்த நம்மவன்! முதல் மாதம் அறை வாடகை நிற்கிறது. அடுத்த மாதம் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. மூன்றாம் மாதம் அவனே மூட்டை முடிச்சுடன் டிக்கெட் ஜன்னலில் வந்து நிற்கிறான். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் ரயில்வே குமாஸ்தாக்களான நாங்கள் அந்த முகங்களைப் பார்த்தவர்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் 1953-இல் சேர்த்த விதிப்படி, லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி உண்டு என்று இருந்தது. ஆனால் 50 பேருக்குக் குறைந்த பட்டறைக்கு அது இல்லை. பதலிக்கும் இல்லை, கேஷுவலுக்கும் இல்லை. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்கவில்லை. மாறாக, ஆட்குறைப்புக்குச் சர்க்கார் அனுமதி கேட்க வேண்டிய ஆலையின் அளவை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்தி, முதலாளிக்குக் கதவை அகலத் திறந்துவிட்டது.

வேறு வழி உண்டு. ஆளைக் குறைக்காதே, எல்லோருக்கும் வேலை நேரத்தைக் குறை. இழந்த கூலியில் ஒரு பங்கைக் காப்பீட்டு நிதியிலிருந்து கொடு. ஜெர்மனியில் இதற்குக் 'குறுகிய வேலை' என்றே பெயர். இழந்த நிகரக் கூலியில் 60 சதவீதம், பிள்ளை உள்ளவருக்கு 67 சதவீதம் அங்கே கிடைக்கிறது. 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் இப்படி வேலையில் நிலைத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் முதல் இங்கே என்ன ஓடியது? 4,600-க்கும் மேற்பட்ட ஷ்ரமிக் ரயில்கள்! சுமார் 63 லட்சம் பேரை ஊருக்கு அனுப்பிவைத்தோம்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 30 பேர் பட்டறை. தலைக்கு மாதம் 18,000 ரூபாய். வேலை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 10 பேரை வெளியேற்றி, அவர்களுக்குப் பாதிக் கூலியாக 9,000 கொடுத்தால் நிதிக்குச் செலவு 90,000. அதற்குப் பதில் 30 பேரும் வாரம் 6 நாளுக்கு 4 நாள் வேலை செய்யட்டும். முதலாளி தருவது 12,000. இழந்த 6,000-இல் பாதியை, அதாவது 3,000-ஐ நிதி தரட்டும். நிதிக்குச் செலவு அதே 90,000! முதலாளிக்கும் இரண்டு வழியிலும் அதே 3,60,000. ஒரு காசு கூடவில்லை; ஒரு குடும்பம் ரயில் ஏறவில்லை.

நிதியும் புதிதல்ல. இ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலை முதல் நூறு ரூபாய்க் கூலிக்கு 75 காசு நம்மிடமும், 3 ரூபாய் 25 காசு முதலாளியிடமும் வசூலானது. பத்துப் பேர் இருந்தாலே அந்தச் சட்டம் பட்டறைக்குள் வரும். 2018-இல் அடல் பீமித் திட்டம் வந்தது. 2020-இல் அதன் உதவி கூலியில் பாதியாக உயர்ந்தது, 90 நாள் வரை. ஆனால் வேலை போன பிறகுதான் அந்தக் கை நீளும்! வீடு எரிந்த பிறகு தண்ணீர் ஊற்றுவது எதற்கு?

இனி நம் வீட்டுக்குள் பேசுவோம். "நான் பர்மனென்ட், எவனோ பிழைக்க நான் ஏன் 3,000 ரூபாய் இழக்க வேண்டும்?" என்று கேட்கும் அண்ணன்மார் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். மாதச் சம்பளம் தவறாத நாங்கள் இதைச் சொல்வது எளிது, ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் கேட்கிறோம்: இன்று பத்துப் பேர் போனால், அவர்கள் வேலையும் இருபது பேர் தலையில்தானே விழும்? ஆர்டர் திரும்பும்போது அந்தப் பத்து இடத்தில் வருவது குறைந்த கூலிக்கு காண்டிராக்ட் ஆள் அல்லவா? அப்போது உங்கள் பர்மனென்ட் எத்தனை நாள் நிற்கும்?

முதலாளியை நம்பி இதைக் கேட்கவில்லை. நாலு நாள் சம்பளம் எழுதி ஆறு நாள் வேலை வாங்கத் தெரிந்தவர் அவர். ஆகவே, நேரக் குறைப்புக்குத் தொழிலாளர் சம்மதம் வேண்டும். வேலை நேரப் பட்டியல் கேட்டில் தொங்க வேண்டும். அந்தக் காலத்தில் ஓவர்டைம் கூடாது, புது ஆள் எடுக்கக் கூடாது. பதலிக்கும் காண்டிராக்டுக்கும் அதே பங்கு வேண்டும். அடியோடு மூடிப்போகும் ஆலையை இது காப்பாற்றாது. மந்தமான சில மாதங்களைத் தாண்ட வைக்கும். அதுவே நமக்குப் பெரிது.

தோழர்களே! சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்களா? பெயர் பதிவேட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமென்றால் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து கேட்போம். பட்டினியைப் பத்துப் பேர் தலையில் கட்டாதே, வேலையை முப்பது பேருக்கும் பங்கிடு! இதுவே நம் கோரிக்கை.