நாற்காலிக் கணக்கு மட்டும் போதுமா?

கூட்டு மந்திரிசபை ஒன்று அமையப்போகிறது என்ற செய்தி வந்துவிட்டால் போதும். நம் தோழர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சுத்தான். நமக்கு எத்தனை மந்திரி? அவர்களுக்கு எத்தனை? போலீஸ் இலாகா யார் கையில்? ஆலை வாசலிலும் தேநீர்க் கடையிலும் விரல்விட்டு எண்ணுகிறார்கள்.

எண்ணுவது தவறு என்று நாம் சொல்லவில்லை. இரவெல்லாம் சுவரொட்டி ஒட்டியவனுக்கு, ஒரு நாள் கூலியை இழந்து வாக்குச்சாவடியில் நின்றவனுக்கு, கேட்கும் உரிமை உண்டு. ஆனால் கேள்வி எண்ணிக்கையோடு நின்றுவிட்டால் ஏமாறப்போகிறவனும் அவன்தான். இதை நாம் ஊகத்தில் சொல்லவில்லை. கேரளம் கற்றுத்தந்த பாடத்தை வைத்துச் சொல்கிறோம்.

ஏழு கட்சிகள், பதின்மூன்று மந்திரிகள்

1965-ல் கேரளத்தில் தேர்தல் நடந்தது. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. சட்டசபை கூடாமலே கலைந்தது. தனித்தனியே நின்றால் ஆள முடியாது என்று அந்தத் தேர்தல் அடித்துச் சொல்லிவிட்டது. 1967-ல் ஏழு கட்சிகள் ஒன்றுசேர்ந்தன. மொத்தம் 133 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 9! மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 52, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 19, சம்யுக்த சோஷலிஸ்ட் கட்சிக்கு 19, முஸ்லிம் லீகுக்கு 14, புரட்சி சோஷலிஸ்ட் கட்சிக்கு 6. கர்ஷகத் தொழிலாளி கட்சியும் கேரள சோஷலிஸ்ட் கட்சியும் ஓரிரண்டு இடங்களே பெற்ற சிறு கட்சிகள்.

1967 மார்ச் 6 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதல் மந்திரியாகப் பதவியேற்றார். அவரோடு சேர்த்து மந்திரிகள் பதின்மூன்று பேர். 52 இடங்கள் பெற்ற கட்சி எடுத்துக்கொண்டது எத்தனை? நான்கே நான்கு! கம்யூனிஸ்ட் கட்சிக்கு இரண்டு, சம்யுக்த சோஷலிஸ்டுகளுக்கு இரண்டு, லீகுக்கு இரண்டு, மற்ற மூன்று கட்சிகளுக்கும் ஆளுக்கொன்று.

இலாகாக்களையும் பாருங்கள். வருவாய் கே.ஆர். கௌரியிடம். விவசாயம் எம்.என். கோவிந்தன் நாயரிடம். தொழில் டி.வி. தாமசிடம். நிதி, சம்யுக்த சோஷலிஸ்ட் கட்சியின் பி.கே. குஞ்ஞுவிடம். கல்வி, லீகின் சி.எச். முகமது கோயாவிடம். பொதுப்பணி டி.கே. திவாகரனிடம். சுகாதாரம் பி. வெல்லிங்டனிடம். தொழிலாளர் இலாகா மத்தாய் மாஞ்ஞூரானிடம். கஜானாச் சாவியையே பெரிய கட்சி தோழமைக் கட்சியிடம் கொடுத்தது. பங்கு பிரிப்பதில் இதைவிடத் தாராளம் வேண்டுமா?

பிறகு ஏன் கவிழ்ந்தது?

இத்தனை தாராளம் இருந்தும் அந்த மந்திரிசபை ஐந்தாண்டு நிற்கவில்லை. 1969 அக்டோபர் 24 அன்று நம்பூதிரிபாட் ராஜினாமா செய்தார். எதிர்க்கட்சி கவிழ்த்ததா? ஒன்பது பேரை வைத்துக்கொண்டு காங்கிரஸ் எதைக் கவிழ்க்க முடியும்? விரிசல் வீட்டுக்குள்ளேயே விழுந்தது.

மந்திரிகள் மீது ஊழல் புகார்கள் கிளம்பின. யார்மீது விசாரணை, யார்மீது இல்லை என்பதில் சண்டை மூண்டது. எங்கள் மந்திரிக்கு விசாரணை என்றால் உங்கள் மந்திரிக்கும் விசாரணை வேண்டும் என்றார்கள் தோழமைக் கட்சியினர். சில கட்சிகளின் மந்திரிகள் வெளியேறினர். முடிவில் சட்டசபையிலேயே, தோழமைக் கட்சிகளின் வாக்குகளைக் கொண்டே, சர்க்கார் தோற்றது. புகார்களில் எது மெய், எது பொய் என்று தீர்ப்புக் கூற நாம் இங்கே உட்காரவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: எல்லா மந்திரிகளுக்கும் பொருந்தும் விசாரணை முறை ஒன்றைப் பதவியேற்ற அன்றே ஏழு கட்சிகளும் எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், அதுவே ஒரு சண்டையாகியிருக்குமா?

மந்திரிசபை முழுவதும் கூட்டாகச் சட்டசபைக்குப் பொறுப்பு என்கிறது அரசியல் சட்டத்தின் 164-வது பிரிவு. இலாகாவைப் பெற்ற கட்சி அதைத் தன் கோட்டையாக நினைத்துக் கொடி நாட்டினால், அங்கே இருப்பது மந்திரிசபை அல்ல. ஒரே கட்டடத்தில் ஏழு சர்க்கார்! ஏழூரார் கூடித் தேர் இழுக்கலாம். ஆனால் ஆளுக்கொரு பக்கம் வடம் பிடித்தால் தேர் நகருமா?

வங்கத்திலும் இதே கதை. 1967-ல் 43 இடம் பெற்ற மார்க்சிஸ்ட் கட்சி, 34 இடம் பெற்ற வங்காள காங்கிரசின் அஜய் முகர்ஜியை முதல் மந்திரியாக ஏற்றது. 1969-ல் 80 இடம் பெற்றபோதும் அவரையே ஏற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் முதல் மந்திரி தம் சர்க்காரை எதிர்த்துத் தாமே உண்ணாவிரதம் இருந்தார்! 1970 மார்ச்சில் அந்த ஆட்சியும் போயிற்று.

நிலைத்து நின்றது எது?

அப்படியானால் எல்லாம் வீண்தானா? இல்லை, தோழர்களே! கேரள மந்திரிசபை கவிழ்ந்த அதே அக்டோபரில்தான் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. அடுத்து வந்த அச்சுத மேனன் மந்திரிசபை 1970 ஜனவரி 1 முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சட்டம் செய்தது ஒரு கூட்டணி. செயலாக்கத் தொடங்கியது இன்னொரு கூட்டணி. இரண்டு கூட்டணிகளும் எதிரெதிர் நின்றவை. ஆனாலும் சட்டம் சாகவில்லை. ஏன்? அதை விட்டுவிட்டு எந்தக் கட்சியும் ஏழையின் முகத்தில் விழிக்க முடியாது!

குத்தகை உழவன் நிலத்துக்கு உரியவனானான். பிறர் மண்ணில் குடிசை போட்டு, போ என்றால் போகவேண்டிய நிலையிலிருந்த குடிகிடப்புக்காரனுக்குக் குடியிருப்பு மண்ணை வாங்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது: கிராமத்தில் 10 சென்ட் வரை, நகராட்சியில் 5, பெருநகரில் 3. அந்தப் பதின்மூன்று பேரில் யாருக்கு எந்த இலாகா என்பதை இன்று அந்த ஊர்களில் எத்தனை பேர் நினைவு வைத்திருப்பார்கள்? பத்து சென்ட் மண்ணை மட்டும் எந்தக் குடும்பமும் மறக்காது.

இன்றைக்கு நாற்காலிகளை இஷ்டம்போல் பெருக்கவும் வழியில்லை. 2003-ல் வந்த 91-வது திருத்தப்படி, சட்டசபை உறுப்பினர்களில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் மந்திரிகள் கூடாது. 140 பேர் கொண்ட கேரளச் சபைக்கு உச்ச வரம்பு 21. நாற்காலி கொடுத்தே தோழமையைக் காக்கலாம் என்ற தந்திரத்துக்கு எல்லை வந்துவிட்டது. நல்லதே!

ஆகவே அடுத்த முறை எந்த ராஜ்யத்திலாவது கூட்டு மந்திரிசபை அமையும்போது, தோழர்களே, எண்ணுங்கள். ஆனால் எண்ணிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். பொது வேலைத்திட்டம் எழுத்தில் இருக்கிறதா? புகார் வந்தால் எல்லாக் கட்சி மந்திரிக்கும் ஒரே முறைதானா? முதல் ஆண்டிலேயே உழைப்பவன் கைக்கு வரப்போவது என்ன? மூன்றுக்கும் விடை இருந்தால், நம் கட்சிக்கு நாற்காலி ஒன்று குறைந்தாலும் கவலை வேண்டாம். விடை இல்லையென்றால், பத்து நாற்காலி கிடைத்தும் பயனில்லை!