கனடாவின் ஷார்டனேயை ஒதுக்காதீர்கள்

கனடா என்றால் ஐஸ் ஒயின்தான், நல்ல ஷார்டனே வெள்ளை ஒயின் வேண்டுமென்றால் பர்கண்டிக்கோ கலிபோர்னியாவுக்கோதான் போகவேண்டும் என்று ஒயின் அறிந்தவர்களே அடித்துச் சொல்கிறார்கள். ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் உள்ள பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டியை வைத்தே இதை மறுக்கலாம்.

அங்கே குளிர் அதிகம், பழம் பழுக்காது என்பது முதல் வாதம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கவுன்ட்டி இருப்பது வட அட்சரேகை 44 டிகிரியில். ஷார்டனேக்குப் பேர்போன பிரான்சின் ஷாப்லியோ ஏறக்குறைய 48-ல். கோடையில் கவுன்ட்டிக்கு வெயில் போதும். ஆபத்தெல்லாம் குளிர்காலத்தில்தான். மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போனால் ஷார்டனே மொட்டுகள் சாகத் தொடங்கும். அதனால் அறுவடை முடிந்ததும் கொடியைக் கவாத்து செய்து, அடுத்த ஆண்டு காய்க்கவேண்டிய தண்டுகளை வளைத்துத் தரையை ஒட்டிய கம்பியில் கட்டிவிடுகிறார்கள். பிறகு டிராக்டர் கலப்பையால் இருபுறமும் மண் அணைத்து மூடுகிறார்கள். வசந்தத்தில் மண்ணை விலக்கி, ஒரு மொட்டும் ஒடியாமல் தண்டுகளைக் கையால் வெளியே எடுக்கவேண்டும். இத்தனை பாடுபட்டு வளர்ப்பதை ஒதுக்க எப்படி மனம் வருகிறது?

வெறும் புளிப்பு என்கிறார்கள் அடுத்து. புளிப்பு இல்லாத ஷார்டனே வாயில் கனத்துச் சப்பென்று நிற்கும். பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைத் தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக பாக்டீரியா மாற்றுவதால், கடுமை தணிந்து துடிப்பு மட்டும் மிஞ்சுகிறது. நிலத்தைப் பார்த்தாலும், கவுன்ட்டியில் ஆழமில்லாத மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. ஷாப்லியைக் கொண்டாடுவோர் முதலில் பேசுவதும் சுண்ணாம்பு நிலத்தைப் பற்றித்தானே?

பர்கண்டியோடு போட்டி போட முடியாது என்பதற்குப் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 2009-ல் மொன்ட்ரியலில் ‘செலியே’ இதழ் நடத்திய, பெயர் மறைத்த சுவைப்பில் ஷார்டனேக்களில் முதலிடம் பெற்றது, கவுன்ட்டி இருக்கும் அதே ஒன்டாரியோ மாகாணத்தின் நயாகராவில் விளைந்த, லெ க்லோ ஜோர்தான் ஒயின் நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு ஒயின்.

விலை அதிகம் என்ற குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுதோறும் கொடியைப் புதைத்து எடுக்கக் கூலி கொடுக்கவேண்டும். அதையும் தாண்டி, 2015 மே மாதத்தில் ஒரே இரவில் விழுந்த உறைபனி துளிர்களைக் கருக்கியதுபோல நட்டமும் வரும். அந்தப் பணத்தை விவசாயி வேறு எங்கிருந்து எடுப்பார்?